மணப்பாட்டில் நான்கு நாட்கள்

கோடை விடுமுறை நெருங்கிவிட்டால் நம் பங்குகளில் ஒரு பரபரப்புத் தோன்றிவிடும். வேன் ஒன்றை அமர்த்துவார்கள். புளியோதரையும் தயிர்ச்சோறும் கட்டிக்கொள்வார்கள். இரண்டே நாட்களில் எட்டுத் திருத்தலங்களைக் கண்டு முடித்து, மூன்றாம் நாள் விடியற்காலையில் தூக்கம் வழியும் கண்களோடு வீடு திரும்புவார்கள். எங்கெங்கே போய்வந்தீர்கள் என்று பிள்ளைகளைக் கேட்டுப் பாருங்கள். எந்த ஊரில் ஐஸ்கிரீம் வாங்கித் தந்தார்கள் என்பதைத் தவிர வேறொன்றும் அவர்கள் நினைவில் நின்றிராது. இத்தகைய பயணங்களில் ஓட்டுநருக்குப் பக்கத்து இருக்கையில் நாமே பன்முறை அமர்ந்து சென்றிருக்கிறோம். ஆகவே பிறரைக் குறைகூறும் உரிமை நமக்கில்லை.

2025 மே மாதத்தில் வேறுவிதமாகச் செய்து பார்ப்போம் என்று முடிவு செய்தோம். நமது பங்கு, கண்ணுக்கெட்டிய தூரம் கரிசல் நிலமாகவே உள்ள உள்நாட்டுப் பங்கு. அங்குள்ள பிள்ளைகளில் பலர் கடலைப் படத்தில் மட்டுமே கண்டவர்கள். ஆறு குடும்பங்கள், பெரியோரும் சிறியோருமாக 27 பேர், நான்கு நாட்கள், ஒரே ஊர் என்பது திட்டம். ஓர் ஊரில் பாயை விரித்துப் படுத்து எழுந்து, அங்கிருந்து நடந்தும் பேருந்திலும் சுற்றுப்புறங்களைக் கண்டுவருவது. இருட்டுமுன் திரும்பி வந்துவிடுவது. அதற்கு நாம் தேர்ந்துகொண்ட ஊர் மணப்பாடு.

திருச்செந்தூர் வரை இரயில் உண்டு. அங்கிருந்து தெற்கே, குலசேகரன்பட்டினம் வழியாகக் கடலை ஒட்டிச் செல்லும் சாலையில் சுமார் 18 கிலோமீட்டர் சென்றால் மணப்பாடு. பேருந்தில் சன்னலோரம் இடம் கிடைத்தவர்கள் பேறுபெற்றவர்கள். ஊர் வருவதற்கு வெகு முன்னதாகவே, கடலுக்குள் மூக்கை நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு குன்றும், அதன் உச்சியில் திருச்சிலுவை ஆலயமும், அருகே கலங்கரை விளக்கமும் தென்படும். குன்றுக்கு வடபுறம் கடல் வளைந்து ஒரு குடாவாக அமைந்திருக்கிறது. கருமேனியாறு கடலைத் தேடி வந்து சேருவதும் இங்கேதான். ஆற்றில் நீர் ஓடும் காலம் குறைவு. எஞ்சிய நாட்களில் கழிநீரும் மணல்திட்டுமே கண்ணுக்குத் தெரியும். இவற்றுக்கு நடுவே ஊர்.

ஊருக்குள் நடக்கும்போது பெரியவர்கள் வியந்து நின்றது வீடுகளைப் பார்த்து. கொழும்போடு வாணிபம் நடந்த நாட்களில் எழுந்த மாளிகைகள் அவை. அகன்ற திண்ணை, உயர்ந்த தூண், வேலைப்பாடு மிக்க கதவு. ஆனால் பலவற்றில் பூட்டுத் தொங்குகிறது. திருவிழாவுக்கு வரும்போது மட்டும் திறப்பார்களாம். அப்படிப்பட்ட வீடொன்றைத்தான் நான்கு நாட்களுக்கு வாடகைக்குப் பெற்றிருந்தோம். முற்றத்தில் பெண்கள் அடுப்பு மூட்டினார்கள். மச்சில் பிள்ளைகள் படுத்தார்கள். இரவு முழுவதும் அலையோசை கேட்டுக்கொண்டே இருந்தது. நம் கோயில்பிள்ளை நள்ளிரவில் எழுந்து உட்கார்ந்து, "மழை நிற்கவே இல்லையே சாமி" என்றாரே பார்க்கலாம்!

விடிந்ததும் முதலில் காணவேண்டியது கடற்கரை. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை கிழக்குக் கடலில் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். ஆனால் நாட்டுப் படகுகளுக்கு அத்தடை இல்லை. ஆகவே மே மாதத்திலும் வள்ளங்கள் கரைக்கு வருகின்றன. பொழுது புலரும் வேளையில் மணலிலேயே மீனைக் கொட்டி ஏலம் விடுகிறார்கள். ஏலக்காரர் வாயிலிருந்து எண்கள் உருண்டு வரும் வேகத்தில் நம் ஆசிரியைகள் இருவருக்குக் கணக்கே தப்பிப்போயிற்று. சாளை, நெத்திலி, பாறை, ஊளி, விளமீன், கணவாய் என ஒவ்வொன்றின் பெயரையும் பிள்ளைகள் கேட்டு நோட்டில் எழுதிக்கொண்டார்கள். ஒரு செய்தியை இங்கேயே சொல்லிவிடுகிறோம். கத்தோலிக்க மீனவர் ஞாயிற்றுக்கிழமை கடலுக்குப் போவதில்லை. ஆகவே ஞாயிறு காலையில் போய் நின்று, மீன் இல்லையே என்று வருந்தவேண்டாம். அன்று கரையில் காணத்தக்கது வரிசையாக ஓய்ந்து கிடக்கும் வள்ளங்களும், கோயிலில் நிரம்பி வழியும் ஊருமே.

குன்றின்மேல் உள்ள ஆலயத்தைப் பற்றி வாசகர்கள் பலர் அறிந்திருப்பீர்கள். 1540ஆம் ஆண்டையொட்டிப் புயலில் அகப்பட்ட போர்த்துக்கீசியக் கப்பலின் தலைவர், கரை சேர்ந்தால் சிலுவை நாட்டுவதாக நேர்ந்துகொண்டு, உடைந்த பாய்மரத்திலிருந்து ஒரு சிலுவையைச் செய்து இக்குன்றில் நட்டார் என்பது தலைமுறை தலைமுறையாகச் சொல்லப்பட்டு வரும் வரலாறு. செப்டம்பர் 14ஆம் நாள் மகிமைத் திருவிழா. அப்போது ஊரே கொள்ளாத கூட்டம் சேரும். அமைதியாகக் காண விரும்பும் குடும்பங்கள் அந்த நாட்களை விட்டுவிட்டு வருவதே நலம் என்பது நம் கருத்து. திருவிழாப் பிரியர்கள் நம்மேல் சினம் கொள்ளவேண்டாம். ஊருக்குள் சந்தியாகப்பர் ஆலயமும், பரிசுத்த ஆவி ஆலயமும் இருக்கின்றன.

ஆலயத்துக்குக் கீழே, கடலைப் பார்த்த சரிவில் புனித சவேரியார் குகை இருக்கிறது. அவருக்கு முன்பு ஒரு சைவத் துறவி அங்கே தவம் புரிந்தார் என்றும் ஊரார் சொல்கிறார்கள். நான்கு பக்கமும் உப்புக் காற்று. பத்தடி தள்ளிக் கடல். ஆனால் குகைக்குள் இருக்கும் கிணற்றில் குடிக்கத்தக்க நல்ல நீர். பிள்ளைகள் இதை நம்பாமல் ஒவ்வொருவராகக் குடித்துப் பார்த்து, பிறகு கடல்நீரையும் ஒரு விரல் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தார்கள். ஆராய்ச்சி முறை சரியானதே.

முதல் நாள் இவ்வாறு இனிதே கழிந்தது. இரண்டாம் நாள் மாலையில் நிகழ்ந்ததை எழுதாமல் விடலாமா என்று நெடுநேரம் எண்ணினோம். விட்டுவிட்டு எழுதினால் இக்கட்டுரையால் யாருக்கும் பயனிராது.

மாலை நான்கு மணியளவில் கடலில் குளிக்கச் சென்றோம். காற்றே இல்லை, கடல் அடங்கிக் கிடந்ததாகவே தோன்றியது. குடாவின் நடுப்பகுதியில் அலைகள் வெண்ணிறமாக உடைந்து விழுந்துகொண்டிருந்தன. குன்றின் அடியில், பாறைகளை ஒட்டிய ஓரிடத்தில் மட்டும் அலை உடையாமல், நீர் கண்ணாடிபோல் வழுவழுப்பாக இருந்தது. "அங்கே அலை குறைவாக இருக்கிறது, அங்கே போய்க் குளியுங்கள்" என்று பிள்ளைகளுக்கு விரலை நீட்டிக் காட்டியவர் வேறு யாருமல்லர், நாமேதான். காட்டிவிட்டுச் செபப்புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு பாறையில் அமர்ந்தோம்.

இரண்டு சங்கீதம் முடிந்திராது. ஓர் அலறல் கேட்டு நிமிர்ந்தபோது, பன்னிரண்டு வயதுச் சிறுவன் ஒருவன் மற்றவர்களைவிட்டு விலகி, நாம் எழுந்து நிற்பதற்குள் ஓர் ஆலயத்தின் நீளம் உள்ளே போய்விட்டான். அவன் தந்தை நீரில் இறங்கிக் கைகளை அடித்தார்; அவருக்கு நீந்தத் தெரியாது. நமக்கும் தெரியாது. தாய் கரையில் மண்டியிட்டுவிட்டார்.

சற்றுத் தள்ளி, வள்ளத்தின் நிழலில் வலையைப் பொத்திக்கொண்டிருந்த ஒரு பெரியவர் எழுந்து, இளைஞர் இருவரை நோக்கிக் குரல் கொடுத்தார். மணப்பாட்டின் அலைகளை நாடி அலைச்சறுக்கு விளையாட்டுக்காரர்கள் இப்போது தொலைவிலிருந்தெல்லாம் வருகிறார்கள். அவர்களைப் பார்த்து உள்ளூர்ப் பிள்ளைகள் சிலரும் கற்றிருக்கிறார்கள். அந்த இளைஞர்களிடம் ஒரு சறுக்குப் பலகை இருந்தது. அவர்கள் சிறுவனை நோக்கி நேராக அலைகளுக்குள் பாயப் பார்த்தார்கள். பெரியவர் தடுத்து, "நீவாட்டோட போங்கலே, அதுவே கொண்டு போகும்" என்று கத்தினார். எந்த வழியாகப் பையன் இழுக்கப்பட்டானோ அதே வழியில், பாறையோரமாக அவர்கள் இறங்கினார்கள். நீரோட்டமே அவர்களை அவனிடம் கொண்டுசேர்த்தது. அவனைப் பலகையின்மேல் கிடத்திக்கொண்டு, வந்த வழியே திரும்பாமல் பக்கவாட்டில் குடாவின் நடுவே சென்று, அலைகள் உடையும் இடத்தில் அலையோடு அலையாகக் கரை ஏறினார்கள். பத்து நிமிடங்கள் இருக்கலாம். சிறுவன் உப்புநீரை உமிழ்ந்துவிட்டு முதலில் கேட்டது தன் செருப்பு எங்கே என்பதைத்தான்.

பெரியவர் நம்மிடம் வந்தார். குரலை உயர்த்தவில்லை. "சாமி, கோவிச்சுக்கிடாதீங்க. கடலுக்குப் பிள்ளையளக் கூட்டியாந்தா, கரையில நிக்கிறவன்ட்ட ஒரு வார்த்தை கேக்கப்படாதா? நாங்க எல்லாம் எதுக்கு இருக்கோம்?" என்றார். நமக்கு விடை ஒன்றும் வாயில் வரவில்லை. சிறுவனின் தாய் நம்மை ஒரு வார்த்தையும் சொல்லவில்லை; அன்றிரவு வழக்கம்போல் நமக்குச் சோறும் பரிமாறினார். ஏசியிருந்தால் தாங்கிக்கொள்வது எளிதாக இருந்திருக்கும்.

மறுநாள் காலை அப்பெரியவரையே தேடிச் சென்று, பிள்ளைகளுக்குக் கடலைப் படிக்கக் கற்றுத் தருமாறு வேண்டினோம். அவர் சிரித்தார், பின் அனைவரையும் குன்றின்மேல் ஏற்றி நிறுத்திக் கீழே பார்க்கச் சொன்னார். மேலிருந்து பார்த்தபோதுதான் அந்த இடம் விளங்கியது. குடாவுக்குள் அலைகளால் வந்து குவியும் நீர் முழுவதும் எங்கேயாவது வெளியேற வேண்டுமன்றோ? அது பாறையை ஒட்டி ஒரு வாய்க்கால்போல் ஆழ்ந்து, கலங்கலாக உள்நோக்கி ஓடுகிறது. ஓடும் நீரில் அலை உடைவதில்லை. அதனால்தான் அங்கே கடல் அமைதியாகத் தெரிகிறது. வெள்ளையாக உடைந்து ஆர்ப்பரிக்கும் இடம் ஆளைக் கரைக்குத் தள்ளும். வழுவழுப்பாகச் சிரிக்கும் இடம் உள்ளே இழுக்கும். நாம் விரல் நீட்டிக் காட்டியது எதை என்பதைப் பிள்ளைகள் அனைவருக்கும் முன்பாக ஒப்புக்கொண்டோம்.

காற்றுகளின் பெயர்களையும் சொல்லிக்கொடுத்தார். வடக்கிலிருந்து வருவது வாடை, கிழக்கிலிருந்து கொண்டல், தெற்கிலிருந்து சோழகம், மேற்கிலிருந்து கச்சான். காற்றைப் பார்த்தால் போதாது, நீவாட்டையும், அதாவது கடலுக்குள் ஓடும் நீரோட்டத்தையும், பார்க்கவேண்டும் என்றார். காற்றே இல்லாத நாளிலும் கடல் திடீரெனப் பொங்குவதுண்டு. அதற்குக் 'கள்ளக்கடல்' என்று தென்கடற்கரையில் பெயர். வெகுதொலைவில், இந்தியப் பெருங்கடலின் தென்கோடியில் வீசும் புயல்காற்று எழுப்பிய அலைகள், பல நாட்கள் பயணம் செய்து, இங்கே வானம் தெளிவாக இருக்கும்போதே கரையைத் தாக்குகின்றன. 2024 மே 6ஆம் நாள் கன்னியாகுமரி மாவட்டத்து லெமூர் கடற்கரையில் ஐந்து மருத்துவ மாணவர்கள் உயிரிழந்தது இத்தகைய நாட்களில்தான். ஐதராபாத்தில் உள்ள இந்தியத் தேசியக் கடல்சார் தகவல் சேவை மையம் இதற்கு முன்னறிவிப்புத் தருகிறது. செய்தித்தாள்களிலும் வானொலியிலும் வருகிறது. கடற்கரைக்குப் புறப்படும் குடும்பத் தலைவர்கள் புளியோதரை கட்டுவதற்கு முன்பு அந்த அறிவிப்பைப் பாருங்கள். பிறகு, கரையில் நிற்பவரிடம் கேளுங்கள்.

அன்று மாலை குகையில் திருப்பலி நிறைவேற்றினோம். சவேரியாரின் மறைபரப்பு ஆர்வத்தைப் பற்றி ஒரு மறையுரையை வீட்டிலிருந்தே எழுதிக்கொண்டு வந்திருந்தோம். அதை மடித்து வைத்துவிட்டு வேறொன்றைச் சொன்னோம். 1542 அக்டோபரில் முத்துக்குளித்துறைக்கு வந்த அவர், 1544ஆம் ஆண்டு மணப்பாடு, வீரபாண்டியன்பட்டினம், ஆலந்தலை, புன்னைக்காயல் முதலிய ஊர்களிலிருந்து தம் தோழர் மான்சிலாஸ் என்பவருக்கு எழுதிய கடிதங்கள் நமக்குக் கிடைத்திருக்கின்றன. அவ்வாண்டு ஜூன் மாதம் வடுகர் படை கன்னியாகுமரிப் பக்கத்து மீனவ ஊர்களைச் சூறையாட, மக்கள் கடலுக்குள் இருக்கும் பாறைகளில் ஏறி ஒளிந்துகொண்டனர். அங்கே சோறும் நீருமின்றி மடிகிறார்கள் என்ற செய்தி எட்டியதும், சவேரியார் இருபது தோணிகளோடு மணப்பாட்டிலிருந்து புறப்பட்டார். காற்று எதிர்த்து அடித்தது. எவ்வளவு முயன்றும் குமரிமுனையை அடைய முடியவில்லை, திரும்பிவிட்டார். ஜூன் மாதத்தில் இங்கிருந்து தென்மேற்கே தோணி செலுத்துவது எத்தகையது என்பதை, அன்று காலைதான் காற்றுகளின் பெயர்களைக் கற்றிருந்த நம் பிள்ளைகளுக்கு விளக்க வேண்டியிருக்கவில்லை. பின்னர் அவர் தரைவழியாக நடந்தே சென்று அம்மக்களைக் கண்டார். திருப்பலிக்குப் பெரியவரும் வந்து, கடைசி ஆளாகக் குகை வாயிலில் நின்றிருந்தார். "அது ஆனி மாசக் கச்சான் சாமி, யாராலயும் ஏலாது" என்று நம்மிடம் பின்னர் சொன்னார். நேற்று நடந்ததைப் பற்றிப் பேசுவதுபோலவே இருந்தது.

கடலைவிட்டு உள்ளே வந்தால் காணவேண்டியது தேரி. இதற்கு ஒரு முழுக் காலைப் பொழுதை ஒதுக்குங்கள். உடன்குடி வழியாகத் தேரிக்குடியிருப்புப் பக்கம் சென்றால், குருதி நிறத்தில் மணல் மேடுகள் அடிவானம் வரை விரிந்துகிடக்கும். கடற்கரை மணல் வெண்மையாக இருக்க, சில கல் தொலைவில் இது சிவந்திருப்பது ஏன் என்று பிள்ளைகள் கேட்டார்கள். மணல் துகள் ஒவ்வொன்றின் மேலும் இரும்புத் துரு மெல்லிய பூச்சாகப் படிந்திருக்கிறது. பல்லாயிரம் ஆண்டுகளாகக் காற்று இதைச் சுமந்து வந்து குவித்திருக்கிறது. பெய்யும் மழையை இம்மணல் அப்படியே குடித்துவிடும். குடித்த நீர் தாழ்ந்த இடங்களில் சுனையாக ஊறும். மேலப்புதுக்குடி அருகே உள்ள அய்யனார் கோயிலுக்கு 'அருஞ்சுனை காத்த' என்ற அடைமொழி வந்ததும் இப்படிப்பட்ட சுனையால்தான். பாலை போன்ற மணலுக்கு நடுவே மரமடர்ந்த அந்த நிழலில் எல்லாச் சமயத்தாரும் இளைப்பாறுகிறார்கள், நாங்களும் இளைப்பாறினோம்.

இத்தேரிகளில் கற்கால மனிதர் செய்த மிகச் சிறிய கற்கருவிகள் கிடைத்துள்ளன. புருஸ் பூட் என்ற நிலவியலாளர் முதலில் இவற்றைக் கவனித்தார். 1956இல் சாய்னரும் ஆல்சினும் விரிவான ஆய்வை வெளியிட்டனர். விரல் நகத்தளவே உள்ள கருவிகள் அவை. அம்பு நுனியிலும் தூண்டில் போன்றவற்றிலும் பொருத்தியிருக்கக்கூடும். நம் பிள்ளைகள் ஒரு மணிநேரம் குனிந்தே நடந்து, கண்டெடுத்ததெல்லாம் நத்தை ஓடுகள்தாம். அப்படியே கருவி ஏதும் கண்ணில் பட்டாலும் பார்த்துவிட்டு அங்கேயே விட்டுவிட வேண்டும் என்று முன்பே சொல்லியிருந்தோம். காலை எட்டு மணிக்குள் தேரியைவிட்டு வெளியேறிவிடுங்கள். அதன்பின் மணல் காய்ந்த சட்டியாகிவிடும். மேடுகள் எல்லாம் ஒன்றுபோலவே இருப்பதால் வழி தவறுவதும் எளிது. உள்ளூர் ஆள் ஒருவரை உடன் அழைத்துச் செல்லுங்கள். இம்முறை நாம் அழைத்துச் சென்றோம்.

அவர் ஒரு பனையேறி. தம் விடிலிக்கே எங்களை அழைத்துச் சென்றார். விடிலி என்பது பதநீர் காய்ச்சும் ஓலைக் குடிசை. வைகறையில் மரமேறி இறக்கிய பதநீரை அவர் மனைவி பெரிய தாச்சியில் ஊற்றிக் காய்ச்சிக்கொண்டிருந்தார். கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவினால்தான் அது பதநீர்; தடவாவிட்டால் புளித்துக் கள்ளாகிவிடும். உலர்ந்த ஓலையும் சுள்ளியுமே விறகு. நுரை பொங்கி, அடங்கி, பாகு முறுகியதும் ஒரு துளியைத் தண்ணீரில் விட்டு உருட்டிப் பார்க்கிறார். உருண்டையாகத் திரண்டால் பதம். இறக்கி, துடுப்பால் விடாமல் துழாவி, சிரட்டைகளில் ஊற்றுகிறார். ஆறியதும் கவிழ்த்துத் தட்டினால் கருப்பட்டி. புகையிலும் வெயிலிலும் இந்த அம்மாள் நின்ற நேரத்தைக் கணக்கிட்டால், ஒரு கிலோவுக்கு நாம் கொடுக்கும் விலை அதிகம் என்று எந்தக் குடும்பத் தலைவியும் சொல்லமாட்டார். உடன்குடிக் கருப்பட்டி புவிசார் குறியீடு பெற்ற பெருமையுடையது. ஆனால் அந்தப் பெயரைச் சொல்லிச் சர்க்கரை கலந்து விற்பவர்களும் இருக்கிறார்கள். விடிலியிலேயே வாங்குவது உத்தமம். "உம் பிள்ளைகள் மரம் ஏறுவார்களா?" என்று அந்தப் பனையேறியைக் கேட்டோம். "ஒருத்தன் கோயம்புத்தூர்ல, ஒருத்தன் துபாய்ல. எனக்கப்புறம் இந்த மரத்துல காக்காதான் ஏறும் சாமி" என்றார். மே மாதம் பதநீர்ப் பருவமாதலால் பனையோலைப் பட்டையில் ஊற்றி ஆளுக்கொரு பட்டை தந்தார். அதன் சுவையைப் பற்றி நம் பிள்ளைகள் இன்னும் பேசிக்கொண்டிருக்கிறார்கள்.

மற்ற இடங்களைச் சுருக்கமாகவே சொல்வோம். குலசேகரன்பட்டினம் முத்தாரம்மன் கோயில் தசரா நாடறிந்தது. ஒரு காலத்தில் இங்கே பனைவெல்லத்தைக் கொண்டு சர்க்கரை செய்யும் ஆலையும், திருச்செந்தூர் முதல் திசையன்விளை வரை ஓடிய சிறிய இரயிலும் இருந்தன என்றால் பிள்ளைகள் நம்பமாட்டார்கள். அந்த இரயில் 1940இல் நின்றுபோயிற்று. இப்போது வேறொரு வண்டி வரப்போகிறது. இந்திய விண்வெளி ஆய்வு நிறுவனத்தின் இரண்டாவது ஏவுதளத்துக்கு 2024 பிப்ரவரி 28 அன்று இப்பகுதியில் அடிக்கல் நாட்டப்பட்டது. இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட ஏக்கர் நிலம் அதற்கென ஒதுக்கப்பட்டது. ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து தெற்கே ஏவினால் இலங்கைக்கு மேல் பறக்காமல் ராக்கெட் வளைந்து செல்லவேண்டும். அதில் எரிபொருள் வீணாகும். இங்கிருந்து ஏவினால் எதிரே வெறும் கடல். சிறிய செயற்கைக்கோள்களுக்கு இது பேருதவி. நம் மாணவர்கள் வேலியைக் கண்டதற்கே துள்ளிக் குதித்தார்கள். பெரியவர் மட்டும், "ராக்கெட்டு விடுற அன்னைக்குக் கடலுக்குப் போவாதேன்னா, அன்னைக்கு எங்க வீட்டு அடுப்பு?" என்று கேட்டார். இந்தக் கேள்வி கடற்கரை ஊர்கள் எங்கும் இருக்கிறது. அதற்கு விடை சொல்லவேண்டியவர்கள் அறிவியலில் நமக்கு மேம்பட்டவர்கள்.

திருச்செந்தூரில் கடலை ஒட்டி எழுந்து நிற்கும் முருகன் கோயிலின் கோபுரத்தையும், கடலோரத்தில் நல்ல நீர் ஊறும் நாழிக்கிணற்றையும் காணலாம். குகைக் கிணற்றைக் கண்ட பிள்ளைகளுக்கு நாழிக்கிணறு பழைய நண்பரைப்போல் தோன்றியது. அதற்கு வடக்கே காயல்பட்டினம். பழமையான பள்ளிவாசல்கள் நிறைந்த ஊர். 2023 டிசம்பரில் ஒரே நாளில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது இவ்வூரில்தான். இன்னும் வடக்கே தாமிரபரணி கடலில் கலக்கும் இடத்தில் புன்னைக்காயல். அண்டிரிக் அடிகளார் தமிழ் கற்றுத் தமிழுக்கு அச்சு நூல்கள் தந்தது இந்தக் கரையில் வாழ்ந்தபோதுதான். அவருடைய 'தம்பிரான் வணக்கம்' 1578இல் கொல்லத்தில் அச்சாயிற்று. பாண்டியரின் முத்துத் துறைமுகமாக இருந்த கொற்கை இன்று கடலைவிட்டு உள்ளே தள்ளி, வயல்களுக்கு நடுவே ஒரு சிற்றூர். கடல் போய்விட்டது என்று சொன்னபோது ஒரு சிறுமி, "யார் எடுத்துக்கொண்டு போனார்கள்?" என்று கேட்டாள். ஆறு கொண்டுவந்த வண்டல், என்றோம்.

தெற்கே உவரிக்கு அரை நாள் போதும். புனித அந்தோணியார் திருத்தலமும், கப்பல் வடிவில் கட்டப்பட்ட கப்பல் மாதா ஆலயமும் அங்கே உள்ளன. ஆலயத்தின்மேல் ஓர் ஆகாய விமானமும் அமர்ந்திருக்கிறது. சிறுவர்களுக்கு அதுவே பெரிதாகப் பட்டது, நம்மைக் கேட்டால் கப்பலே போதும். நேரமிருப்பவர்கள் உள்ளே தள்ளி இடையன்குடிக்கும் போய் வரலாம். 1841 முதல் அங்கே வாழ்ந்து, திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தை எழுதிய கால்டுவெல் கட்டிய ஆலயம் இருக்கிறது. நம்மவர் அல்லாதவர் கட்டிய கோயில் என்று எண்ணித் தயங்கிய ஒரு தாத்தா, மணியோசை கேட்டதும் முதல் ஆளாக உள்ளே போனார்.

செலவைப் பற்றியும் கேட்பீர்கள். வீட்டு வாடகையையும் மளிகையையும் ஆறு குடும்பங்களும் பகிர்ந்துகொண்டன. மீன் கரையிலேயே கிடைத்தது. சமையல் பெண்கள் மட்டுமே செய்யவேண்டும் என்ற சட்டத்தை இரண்டாம் நாளே மாற்றி, ஆண்கள் மீன் கழுவினார்கள். வேன் அமர்த்தி எட்டுத் திருத்தலம் சுற்றியதைவிடச் செலவு குறைவாகவே ஆயிற்று. மின்விளக்கு, கொசுவலை, தொப்பி, குழந்தைகளுக்கான மருந்துகள் ஆகியவற்றை மறவாதீர்கள். பெண்கள் பனையோலையில் முடையும் பெட்டிகளை ஊரிலேயே வாங்கலாம். நெகிழிப் பைகளைச் சுமந்து வந்து கடற்கரையில் விட்டுச் செல்வதைவிட அது நல்லது. வருவோர் விட்டுச்சென்ற பைகள் வலைகளில் ஏறி வருவதை நாமே கண்டோம்.

நான்காம் நாள் காலை பேருந்து ஏழரை மணிக்கு. ஐந்து மணிக்கெல்லாம் அந்தச் சிறுவனைப் படுக்கையில் காணோம். தாய் பதறவில்லை, கரைக்குத்தான் போயிருப்பான் என்றார். சென்று பார்த்தோம். கரைவலையின் ஒரு கயிற்றைப் பத்துப் பன்னிரண்டு பேர் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தார்கள். கடைசியில், பெரியவருக்கும் பின்னால், தானும் ஒரு பிடி பிடித்துக் காலை மணலில் ஊன்றி நின்றான் அவன். நம்மைக் கண்டதும் பெரியவர் தலையசைத்து, கயிற்றின் வாலில் இன்னும் இடமிருப்பதைக் கண்ணால் காட்டினார். அங்கியைச் சற்றுத் தூக்கிச் செருகிக்கொண்டு போய் நின்றோம். மடி கரையேறியபோது உள்ளே இருந்தது அரைக்கூடைச் சாளையும் நான்கு கணவாயும். அதில் ஒரு பங்கை ஓலைப்பெட்டியில் போட்டு, "இழுத்தவனுக்குக் கூலி" என்று பையன் கையில் கொடுத்தார் பெரியவர். பேருந்தில் அந்தப் பெட்டியை அவன் யாரிடமும் தரவில்லை. திருச்செந்தூர் இரயில் நிலையம் வரை மடியிலேயே வைத்திருந்தான்.